தாத்தா விட்டுப்போன ரிவால்வர்: அசலா, நகலா?

மாடு வாங்கப் போனா பல்லைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். பழைய ரிவால்வருக்கும் அப்படிப் பார்க்கிற இடங்கள் இருக்கு. நம்ம ஊர்ல லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களே தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வரணும். அமெரிக்காவுல கதை வேற. தாத்தா பெட்டியில ஒரு ரிவால்வர் கிடைக்கும், கூடவே "உள்நாட்டுப் போர்ல கொள்ளுத்தாத்தா வச்சிருந்தது"ன்னு ஒரு பேச்சும் வரும்.

பெரும்பாலும் அது சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி மாதிரி இருக்கும். கோல்ட் கம்பெனி அதை 1873 வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தது. சுழலும் உருளையில் ஒரு கப்பல் சண்டையைச் செதுக்கியிருப்பார்கள். 1843 மே 16-ல் டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு மோதிய கம்பேச்சே சண்டை அது. அந்தப் படத்தைப் பார்த்ததும் அசல்னு துள்ளக் கூடாது. நகல் செய்தவனும் அதே படத்தைத்தான் போட்டிருக்கிறான்.

முதல்ல சட்டத்தைப் பாருங்க. கோல்ட் நேவிக்குச் சட்டம் இரும்பு. விசைக்காப்பும் பிடியின் பின்பட்டையும்தான் பெரும்பாலும் பித்தளை. சட்டமே மஞ்சளா மின்னினா சந்தேகப்படணும். போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காத தென்மாநிலத்தில், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் பட்டறையில் பித்தளைச் சட்டத்தோடு செய்தது உண்மை. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். சுமார் 3,600 தான் செய்தார்கள். 1864 நவம்பரில் வடக்குப் படை அந்தப் பட்டறையைக் கொளுத்திவிட்டது. அவ்வளவு அரிதான பொருள் உங்க அட்டத்துல கிடக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி.

அப்போ மத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியான்னு ஒரு மலைப்பள்ளத்தாக்கு ஊர். பெரெட்டா குடும்பம் அங்கே 1526-லேயே வெனிசுக்குத் துப்பாக்கிக் குழல் செய்து கொடுத்ததற்குக் கணக்கு இருக்கு. நம்ம கொல்லர் தெரு மாதிரி, ஊரே அந்தத் தொழில்தான். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு விழா 1961-ல் வரப்போகிறது என்று கணக்குப் போட்ட வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர், 1950-களின் கடைசியில் அங்கே போய் கோல்ட் நகல்களைச் செய்யச் சொன்னார். உபெர்ட்டி கம்பெனி கிளம்பியது அப்படித்தான்.

இத்தாலியில் எந்தத் துப்பாக்கியும் அரசு சோதனை முத்திரை இல்லாமல் வெளியே போகாது. குழல் அடியிலோ சட்டத்திலோ ஒரு சின்னக் கட்டத்துக்குள் வருஷக் குறி இருக்கும். ரோமன் எண்ணில் இருபது என்றிருந்தால் 1964. 'ஏ ஏ' என்றிருந்தால் 1975. பக்கத்திலேயே 'பி என்' என்றிருந்தால் கரும்பொடி மட்டும் என்று அர்த்தம். இந்தக் காலத்துப் புகையில்லாப் பொடியைப் போட்டா வெடிச்சு கையே போயிடும்.

கள்ள வியாபாரி முத்திரையை அரத்தால் ராவிடுவான். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா ராவின இடம் லேசாப் பள்ளமாத் தெரியும். அசல்ல குழல், சட்டம், உருளை, விசைக்காப்பு எல்லாத்துலயும் பொதுவா ஒரே எண் இருக்கும். உருளையில் சில சமயம் கடைசி இலக்கங்கள் மட்டும்.

இதையெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த வகையில் தோட்டா கிடையாது. பொடியையும் குண்டையும் உருளைக்குள்ளேயே இடித்து நிரப்புவார்கள். தாத்தா நிரப்பினது இன்னும் உள்ளே இருக்கலாம். குழல் முனையை மூஞ்சிக்கு நேரா வச்சு எட்டிப் பார்க்காதீங்க. துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்துக் காலின்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் முத்திரையைத் தேடுங்க.