மோசேயும் யோசுவாவும்: ஒபாமாவை ஆதரிப்பதில் கறுப்பினத் தலைவர்களின் பிளவு

2007 மார்ச் 4 அன்று, அலபாமாவின் செல்மா நகரில், பிரவுன் சேப்பல் தேவாலய மேடையில் நின்ற பராக் ஒபாமா, எதிரே அமர்ந்திருந்த சிவில் உரிமைப் போராட்ட மூத்தோரை மோசேயின் தலைமுறை என்றார். தம் வயதினரை யோசுவாவின் தலைமுறை என்றார். விவிலியத்தில் ஊறிய அந்தச் சபைக்கு உரை விளக்கம் தேவைப்படவில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே மலைமேலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. உள்ளே நுழைந்தவர் யோசுவா. வணக்கத்தோடு விடையும் கொடுத்துவிட்ட பேச்சு அது. அதே நேரத்தில், சற்றுத் தள்ளி இன்னொரு தேவாலயத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அவரோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் பேசிக்கொண்டிருந்தார்.

இவ்விருவரில் யாரை ஆதரிப்பது என்பதில் அடுத்த ஓராண்டில் கறுப்பினத் தலைவர்களிடையே நேர்ந்த பிளவை வயதைக் கொண்டே விளக்குவது வழக்கம். அது பாதி உண்மைதான். 1972-இல் ஷெர்லி சிசம் அதிபர் வேட்பாளராக நின்றபோதே இந்தக் கதை தொடங்கிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு அவரை ஆதரிக்காமலே கலைந்தது. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். 1984-இல் ஜெசி ஜாக்சன் நின்றார். அட்லாண்டா மேயர் ஆண்ட்ரூ யங்கும் டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங்கும் அவரோடு போட்டியிட்ட வால்டர் மாண்டேல் பக்கம் போனார்கள். சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஆண்ட்ரூ யங் பேச எழுந்தபோது ஜாக்சனின் ஆதரவாளர்கள் கூச்சலிட்டனர். ஜாக்சன், யங் இருவரும் மார்ட்டின் லூதர் கிங்கிடம் பணியாற்றியவர்கள். வயது வித்தியாசம் பத்தாண்டுகூட இல்லை. வெல்ல மாட்டார் என்று கருதிய ஒருவருக்காக, வெல்லக்கூடியவரைப் பகைத்துக்கொள்ள மேயர்கள் தயங்கினார்கள் என்றே தோன்றுகிறது.

2007-இலும் அந்தக் கணக்கே ஓடியது. ஒபாமா 2016 வரை காத்திருக்கலாம் என்றார் ஆண்ட்ரூ யங். காங்கிரஸ் உறுப்பினர்கள் சார்லஸ் ரேஞ்சலும் ஸ்டெஃபனி டப்ஸ் ஜோன்ஸும் ஹிலாரியோடு நின்றனர். மறுபுறம், ஒபாமாவோடு, இளைய தலைவர்களான டெவல் பேட்ரிக், கோரி புக்கர், ஆர்ட்டர் டேவிஸ்: மூவரும் ஹார்வர்டிலோ யேலிலோ சட்டம் படித்தவர்கள், போராட்டக் களத்தை அனுபவிக்காமல் அதன் பலனில் வளர்ந்தவர்கள். ஆனால் 1921-இல் பிறந்த சிவில் உரிமைப் போராட்ட மூத்தவர் ஜோசப் லோவரி ஒபாமாவை ஆதரித்தார். 1957-இல் பிறந்த பிலடெல்பியா மேயர் மைக்கேல் நட்டர் ஹிலாரியை ஆதரித்தார். வயது மட்டுமே காரணமென்றால் இவ்விருவரையும் எங்கே வைப்பது?

ஜான் லூயிஸின் நிலைதான் மிகச் சங்கடமானது. 1965-இல் செல்மா பாலத்தில் வாக்குரிமைப் பேரணியை முன்னின்று நடத்தி, காவலர் தடியடியில் மண்டை உடைபட்ட இந்தக் காங்கிரஸ் உறுப்பினர் 2007 அக்டோபரில் ஹிலாரிக்கு ஆதரவு அறிவித்தார். 2008 ஜனவரி 3 அன்று, வெள்ளையர் மிகுந்த அயோவாவில் ஒபாமா வென்றதும், வெல்ல முடியாது என்ற வாதம் ஆட்டம் கண்டது. தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அவர் பக்கம் திரண்டனர். பிப்ரவரி 5 அன்று லூயிஸின் சொந்தத் தொகுதியும் ஒபாமாவுக்கே பெருவாரியாக வாக்களித்தது. லூயிஸ் அணி மாறியது அதற்கு 22 நாள் கழித்து. தலைவர் முன்னே போக மக்கள் பின்தொடர்ந்த செல்மாவின் வரிசை இங்கே தலைகீழானது.

வயதுக் கோட்பாடு ஓரிடத்தில் அச்சொட்டாகப் பொருந்துகிறது. 1984-இன் கலகக்காரர் ஜாக்சன் ஒபாமாவை ஆதரித்தவரே. எனினும் 2008 ஜூலையில், ஒலிவாங்கி வேலை செய்வது தெரியாமல், தொலைக்காட்சி அரங்கில் அவரைப் பற்றிக் கொச்சையாக முணுமுணுத்து மாட்டிக்கொண்டார். அதை வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் ஒபாமா பிரச்சாரத்தின் தேசிய இணைத் தலைவர், ஜெசி ஜாக்சன் ஜூனியர்; செல்மா பாலத்துத் தடியடி நடந்து நான்காம் நாள் பிறந்த அவருடைய மகன்.