ஊடாடு பாடக்கூறு

ஊடாடு பாடக்கூறு என்பது இணையவழிப் பாடப்பக்கம் ஒன்றினுள் பதிக்கப்பட்டு, மாணவர் தொட்டோ, இழுத்தோ, விடையளித்தோ இயக்கக்கூடிய சிறு காட்சிப்பொருள் ஆகும். நகர்த்தினால் உருமாறும் வடிவியல் படம், இடையே நின்று கேள்வி கேட்கும் நிகழ்படம், ஊர்ப்பெயர்களை இழுத்துப் பொருத்தும் நிலப்படம் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். முன்னர் இவற்றை உருவாக்க நிரலர் ஒருவர் தேவைப்பட்டார். தற்போது ஆயத்த வார்ப்புகளைக் கொண்டு, பாட ஆசிரியரே நிரல் எழுதாமல் உருவாக்கிப் பாடத்தளத்தில் சேர்க்க இயலும். இவ்வகைக் கருவிகளில் ஆசுத்திரியாவில் தோன்றிய ஜியோஜீப்ராவும், நோர்வேயில் தோன்றிய எச்5பியும் பரவலாக அறியப்பட்டவை. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் வழியாக ஜியோஜீப்ரா பல பள்ளிகளுக்கு அறிமுகமானது.

பெயர்

இதற்கு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இன்னும் இல்லை. குறுஞ்செயலி, செயலுரு, ஊடாடு உள்ளடக்கம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை "இணையச் செயல்பாடு" என்ற தலைப்பின் கீழ்த் தருகின்றன. படத்தை இயக்கும் இழுகோலுக்கு "நழுவல்" என்றும், படம் அமைந்த பக்கத்துக்குப் "பணித்தாள்" என்றும் அவற்றில் சொற்கள் ஆளப்பட்டுள்ளன. நழுவல் நல்ல சொல். இக்கட்டுரையிலும் அதுவே பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

தொடக்ககால இணையப் பாடங்களில் இயங்குபடங்கள் ஜாவா குறுஞ்செயலிகளாகவோ பிளாசு கோப்புகளாகவோ இருந்தன. இரண்டுக்கும் உலாவியில் தனிச் செருகுநிரல் வேண்டும். கூகுள் குரோம் 2015 ஆம் ஆண்டில் ஜாவா செருகுநிரலுக்கான ஆதரவை நீக்கியது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று பிளாசுக்கான ஆதரவை நிறுத்தியது. இதனால் உலகெங்கும் ஏராளமான பாடப்படங்கள் இயங்காமற் போயின. செருகுநிரல் இல்லாமல் உலாவியிலேயே இயங்கும் எச்டிஎம்எல்5 இவற்றின் இடத்தைப் பிடித்தது.

ஜியோஜீப்ராவை மார்க்கசு ஓகன்வார்ட்டர் 2001 ஆம் ஆண்டில் சால்சுபர்க்கு பல்கலைக்கழகத்தில் தமது முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கினார். ஜாவாவில் எழுதப்பட்ட இம்மென்பொருள் பின்னர் எச்டிஎம்எல்5 வடிவுக்கு மாறியது. எச்5பி 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. "எச்டிஎம்எல்5 பொதி" என்பதன் சுருக்கமே அதன் பெயர். ஆசுத்திரேலியாவில் உருவான கற்றல் மேலாண்மைத் தளமாகிய மூடில், 2019 ஆம் ஆண்டின் 3.8 பதிப்பில் எச்5பியைத் தன் மூலக்கட்டமைப்பில் சேர்த்துக்கொண்டது. 2020 இல் வந்த 3.9 பதிப்பில் உள்ளடக்க வங்கியும், எச்5பிக்கான தனிச் செயல்பாட்டு வகையும் சேர்ந்தன.

செய்முறை

ஜியோஜீப்ராவில் இருபடிச் சமன்பாடு ஒன்றை மூன்று கெழுக்களுக்கும் எண்ணுக்குப் பதிலாக எழுத்தை இட்டு உள்ளிட்டால், மென்பொருள் தானாகவே மூன்று நழுவல்களை அமைத்துப் பரவளையத்தை வரைந்துவிடும். முதற்கெழுவின் நழுவலை மெல்ல இடப்புறம் நகர்த்தினால் வளைவரை விரிந்துகொண்டே போய், சுழியத்தை அடையும்போது நேர்கோடாகி, அதற்கும் கீழே சென்றதும் கவிழ்கிறது. முதற்கெழு ஏன் சுழியமாக இருக்கக்கூடாது என்று பாடநூல் விதிப்பதன் பொருளை மாணவர் இந்த ஓர் அசைவிலேயே கண்டுகொள்வர். அச்சுப்படம் இந்நிலைகளில் ஒன்றையோ இரண்டையோதான் காட்டமுடியும். பணித்தாளைச் சேமித்தபின் தளம் ஓர் இணைப்பையும், வேறு பக்கத்தில் பதிப்பதற்கான சிறு துண்டு உரையையும் தருகிறது. ஆசிரியர் அத்துண்டைப் படியெடுத்துப் பாடப்பக்கத்தின் தொகுப்புப் பெட்டியில் ஒட்டினால் போதும். அத்துண்டு உண்மையில் நிரல் வரிதான். எனினும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லை.

எச்5பி வேறுவகையானது. இங்கு ஆசிரியர் முதலில் உள்ளடக்க வகையைத் தேர்ந்தெடுக்கிறார்: ஊடாடு நிகழ்படம், இழுத்துப் பொருத்துதல், கோடிட்ட இடம் நிரப்புதல், படத்தில் சுட்டிடம் எனப் பல வகைகள் உள்ளன. பின்னர் ஒரு படிவம் திறக்கும். எடுத்துக்காட்டாக, கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிக்கு வாக்கியத்தை எழுதி, மறைக்கவேண்டிய சொல்லின் இருபுறமும் உடுக்குறி இடவேண்டும். ஏற்கத்தக்க விடைகள் பலவாயின் அவற்றைச் சாய்கோட்டால் பிரித்து, கருநாடகம்/கர்நாடகம்/கர்நாடகா என்றவாறு தரலாம். மூடிலில் இதனைச் செயல்பாடாகச் சேர்த்தால் மாணவர் பெறும் மதிப்பெண் தானாகவே மதிப்பெண் ஏட்டில் பதிவாகும்.

இரு கருவிகளும் தரும் கோப்புகள் அடிப்படையில் அமுக்கப்பட்ட பொதிகளே. எச்5பி பொதியில் ஆசிரியர் எழுதிய சொற்கள் ஒரு கோப்பிலும், அவற்றை இயக்கும் நிரல் வேறு கோப்புகளிலும் இருக்கின்றன. ஆகவே இயக்கத்தைத் தொடாமல் சொற்களை மட்டும் மாற்றலாம். ஓசூர் மாநகராட்சிக்கு உட்பட்ட மத்திகிரி போன்ற கருநாடக எல்லைப் பகுதிகளுக்கு இது பயன்மிக்கது. தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் புழங்கும் இப்பகுதியில் ஒரே பயிற்சியின் சொற்களை மாற்றி ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தரமுடியும். எண்களும் கோடுகளும் மட்டுமே உள்ள ஜியோஜீப்ரா படத்துக்கு மொழிபெயர்ப்பே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில்

2018-19 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வெளியாயின. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய இந்நூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. இவற்றை நடுவண் அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்சா தளத்தின் செயலி வழியாக வருடினால் தொடர்புடைய காணொலியோ பயிற்சியோ திறக்கும். எக்சுடெப் அறக்கட்டளை உருவாக்கிய சன்பேர்டு என்னும் திறந்தமூல மென்பொருள் தீக்சாவின் அடித்தளமாகும். எச்5பி பொதிகளையும் அது ஏற்கிறது.

கணித நூல்களில் பல இயல்களில் "இணையச் செயல்பாடு" என்னும் பெட்டி காணப்படும். இணைய முகவரி அல்லது விரைவுக் குறியீடு, படிப்படியான செய்முறை, இறுதியில் கிடைக்கும் படம் ஆகியவை அதில் இருக்கும். முகவரி ஜியோஜீப்ரா பணித்தாள் ஒன்றுக்குச் செல்லும். அதில் புதிய கணக்குக்கான பொத்தானை அழுத்தி எண்களை மாற்றி மாற்றிப் பயிலலாம். இணையச் செயல்பாடுகளை ஒருங்கிணைத்த ஆசிரியர்களின் பெயர்கள் நூலாக்கக் குழுப் பட்டியலில் தரப்பட்டுள்ளன. மென்பொருள் நிறுவனத்திடம் பணியை ஒப்படைக்காமல், வகுப்பில் பாடம் நடத்துவோரே பாடத்தின் இயங்குபடத்தையும் ஆக்குவது இவ்வகைக் கருவிகளால்தான் இயன்றது.

ஆயினும் அச்சு நூலின் காலமும் இணையத்தின் காலமும் ஒத்துப்போவதில்லை. வேறு சில பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பெட்டிகளில், உலாவி கேட்டால் பிளாசு இயக்கியை அனுமதிக்கும்படி அறிவுரை அச்சிடப்பட்டிருந்தது. அந்நூல்கள் வந்து மூன்று ஆண்டுகளுக்குள் பிளாசு மறைந்துவிட்டது. ஜியோஜீப்ராவைப் பெங்களூரைச் சேர்ந்த பைஜூசு நிறுவனம் 2021 டிசம்பரில் வாங்கியது. 2024 இல் அந்நிறுவனம் நொடிப்புநிலைத் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளானது. எச்5பி குழுமத்தைக் கனடாவின் டி2எல் நிறுவனம் 2024 இல் வாங்கியது. அரசு அச்சிட்ட நூலில் உள்ள முகவரி எந்நிறுவனத்தின் வழங்கியை நம்பியிருக்கிறது என்பது ஆகவே புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. பணித்தாளின் மூலக்கோப்பைத் தரவிறக்கி, பள்ளியோ துறையோ தன்னிடம் ஒரு படி வைத்துக்கொள்ள இரு கருவிகளிலும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் குறைவாகவே இருக்கக்கூடும்.

தமிழ் எழுத்துச் சிக்கல்கள்

ஆயத்த வார்ப்புகள் பெரும்பாலும் உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை. "கி" என்பது தமிழருக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியிலோ அது ககரம், இகரக்குறி என இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளிகளை எழுத்தெனக் கருதும் சொல்தேடல் விளையாட்டில் "கிளி" என்னும் ஈரெழுத்துச் சொல் நான்கு கட்டங்களில் சிதறி, உயிர்க்குறிகள் தனியே தொங்கும். இதனைத் தவிர்க்க எழுத்துக்கூட்டங்களை எண்ணும் முறை வேண்டும். பைத்தான் மொழிக்கான ஓபன்-தமிழ் நிரல் தொகுப்பில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதி உள்ளது. ஆனால் அதைப் பயன்படுத்த நிரல் அறிவு வேண்டும்.

விடை திருத்துவதிலும் தொல்லைகள் உண்டு. "கொ" என்பதை ஒற்றை ஒகரக்குறியுடனோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இட்டோ சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அவற்றை இயல்பாக்கி ஒப்பிடாத மென்பொருள், சரியாக எழுதிய மாணவருக்குத் தவறு என்று காட்டும். "ஔ" என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவதும், பழைய எழுத்துருக்களின் பழக்கத்தால் "ரி" என்பதற்குக் காலும் இகரக்குறியும் இடுவதும் இத்தகையனவே. இவை இயல்பாக்கத்தாலும் சரியாவதில்லை. விசைப்பலகையில் நேர்ந்த வேறுபாட்டை மாணவர் தம் அறியாமை என்று எண்ணிக்கொள்வதே இதில் உள்ள தீங்கு.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. எச்5பியின் கோடிட்ட இடம் நிரப்பும் வகையில் சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கும் விருப்பத்தேர்வு ஒன்று உள்ளது. நடுத்தர நீளமுள்ள சொல்லில் ஒரு பிழையை அது பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் பயனுள்ள இவ்வசதி, "பழம்" எழுதவேண்டிய இடத்தில் "பலம்" என எழுதியதையும் சரியென ஏற்கும். ல, ள, ழ வேறுபாட்டைக் கற்பிக்கும் பயிற்சியில் இதனை அணைத்து வைத்தல் வேண்டும்.

உரிமம்

எச்5பியின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தின் கீழ்க் கிடைக்கிறது. ஜியோஜீப்ரா வணிக நோக்கற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகும். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி ஒப்பந்தம் தேவை. ஆசிரியர் சேர்க்கும் ஒளிப்படம், ஒலி, நிகழ்படம் ஆகியவற்றுக்குக் கருவியின் உரிமம் பொருந்தாது. அவற்றின் உரிமையை ஆசிரியரே சரிபார்த்து, எச்5பி படிவத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் குறிப்பிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க: மின்வழிக் கற்றல், மூடில், ஒருங்குறி, திறந்த கல்வி வளங்கள்