இருக்கையும் இடுப்பும்: வண்டியின் குலுக்கலை அளந்த வரலாறு



நெடுந்தூரம் பஸ்ஸில் வந்து இறங்கியவரை நாம் முதலில் கேட்கும் கேள்வி, "பிரயாணம் சௌகரியமாக இருந்ததா?" என்பதே. "இடுப்பே கழன்றுபோயிற்று" என்பார் ஒருவர். "தொட்டிலில் கிடந்ததுபோல் தூங்கிவிட்டேன்" என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்களாகவும் இருக்கலாம். ஒருவருக்கு நடுவில் இடம் கிடைத்திருக்கும். மற்றவருக்குப் பின் அச்சையும் தாண்டிய கடைசி வரிசை வாய்த்திருக்கும். சௌகரியம் என்பது இவ்வாறு ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும் உணர்ச்சி. இதை அளவுகோலுக்குள் அடக்க இயலுமா? இயலும் என்று நம்பி மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றையே இன்று காணப்போகிறோம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இப்பொருளில் அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கனரக வண்டி ஓட்டுவோரின் இருக்கை பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி ஒருமுறை எனக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் எல்லா அசைவுக்கும் ஒரே சொல். தமிழிலோ எந்தச் சொல்லை இடுவது என்று தயங்க நேர்ந்தது. படகு ஆடுகிறது, கட்டை வண்டி குலுக்குகிறது, யந்திரம் ஓடுகையில் அருகிலுள்ள தகரம் அதிர்கிறது. ஆட்டம், குலுக்கல், அதிர்வு என நம் மக்கள் மூன்றாகப் பிரித்துவைத்ததை, விநாடிக்கு எத்தனை அசைவு என்ற கணக்கைக் கொண்டு பொறியியலாரும் பிரிக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஐரோப்பாவில் பழங்காலக் கோச்சு வண்டிகளின் கூண்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டிருந்தனர். 1804-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்ற வண்டி செய்பவர், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் வண்டிகள் இலேசாயின, பிரயாணம் மென்மையாயிற்று. நம் நாட்டிலும் வில் பொருத்திய மாட்டு வண்டி 'வில்வண்டி' என்றே பெயர் பெற்றது. வில் இல்லாத கட்டை வண்டியில் செல்வோர் வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் விரித்து அமர்ந்தனர். வைக்கோலே அவர்களுடைய வில்.

சுகமாக அமர்ந்து செல்லும் உரிமையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. திருவிதாங்கூரில் 1893-ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்வண்டியில் ஏறி, தம் மக்கள் நடமாடத் தடுக்கப்பட்டிருந்த பொதுவழியில் சென்றார். அவர் எதிர்த்தது சாதிக் கொடுமையை. ஆயினும் அதற்கு அவர் தேர்ந்துகொண்டது செல்வரும் மேலோரும் ஏறிச் சென்ற ஊர்தியை என்பது கருதத்தக்கது. சௌகரியம் யாருக்கு என்ற கேள்வி, இவ்வரலாற்றின் இறுதிவரை நம்மைத் தொடர்ந்து வரும்.

வில்லுக்கு அடுத்த பெரும் வரவு காற்றடைத்த சக்கரம். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் இதற்குக் காப்புரிமை பெற்றும் அது பரவவில்லை. 1888-இல் பெல்பாஸ்டு நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக இதை மீண்டும் கண்டறிந்த பிறகே உலகெங்கும் பரவிற்று. சிறு கற்களின் அதிர்வைச் சக்கரத்தின் காற்று விழுங்கும். பெரிய பள்ளங்களின் அடியை வில் தாங்கும்.

அப்படியானால் வில் எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும்? மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இதைச் சிந்தித்தவர் இங்கிலாந்தின் பிரடெரிக் லாஞ்செஸ்டர். நடக்கும்போது நம் தலை ஒவ்வோர் அடிக்கும் சிறிது ஏறி இறங்குகிறது. அந்த அசைவு நமக்குத் தொல்லை தருவதில்லை. பிறந்தது முதல் பழகியது. எனவே வண்டியின் ஆட்டமும் நடையின் தாளத்தை ஒட்டியிருத்தல் நலம் என்பது அவர் கருத்து. இன்றும் பெரும்பாலான கார்களின் உடல், வில்லின்மேல் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படியே அமைக்கப்படுகிறது.

எனினும் 1920-களின் கார்களில் ஒரு பெருங்குறை இருந்தது. அவற்றின் முன்வில் கடினம், பின்வில் மென்மை. இரு முன்சக்கரங்களும் ஒரே அச்சில் கோத்திருந்தமையால், முன்வில்லை மென்மையாக்கினால் சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கும். ஆகவே மேட்டில் ஏறிய கார் முன்னும் பின்னுமாக ஊஞ்சல்போல் கவிழ்ந்து நிமிர்ந்தது. பின்னால் அமர்ந்தோர் தூக்கி எறியப்பட்டனர்.

இக்குறையை ஆராய்ந்தவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இவ்வாங்கிலேயர் 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார். 1932-இல் அங்கே ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளை ஏற்றி, அவற்றை நகர்த்தியும் வில்களை மாற்றியும் ஓட்டிப் பார்த்தனர். அச்சோதனையில் முதன்மையான கருவி, உள்ளே அமர்ந்திருந்தவர்களின் உடம்பேயாகும். எந்த அமைப்பில் உடம்பு இளைப்பாறுகிறது, எதில் சலிக்கிறது என்று மனிதரையே கேட்டு முடிவு செய்தனர்.

கிடைத்த விடை பழைய வழக்கத்துக்கு நேர்மாறாக இருந்தது. முன்வில் பின்வில்லைவிட ஏறத்தாழ 30 சதவீதம் மென்மையாக இருக்கவேண்டும் என்று கண்டனர். காரணம் எளிது. மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சிறிது தாமதித்தே சந்திக்கிறது. பின்வில் சற்று விரைவாக ஆடினால், தாமதித்துத் தொடங்கினும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். அப்போது கார் கவிழ்ந்து நிமிராமல், சமமாக ஏறி இறங்கி அடங்கும். கவிழ்ந்து நிமிரும் அசைவைக் காட்டிலும் சமமாக ஏறி இறங்கும் அசைவை மனித உடல் எளிதில் பொறுத்துக்கொள்கிறது. முன்வில்லை மென்மையாக்குவதற்காக முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முறை வந்தது. 1934-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது இடம்பெற்றது.

செல்வர் காருக்குப் பிறந்த இக்கவலை குடியானவர் காருக்கும் வந்தது. பிரான்சில் சித்ரோவன் நிறுவனத்தின் தலைவர் பியேர் பூலான்ஜே, உழுத வயலின் ஊடே ஒரு கூடை முட்டையை ஏற்றிச் சென்றால் ஒன்றும் உடையக்கூடாது என்று தம் பொறியியலாருக்குக் கட்டளையிட்டார். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட அச்சிறு காரில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வில்லால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. கவிழ்ந்து நிமிரும் அசைவை அதுவும் குறைத்தது.

முட்டைக்கு உடைவதும் உடையாமையும் உண்டு. மனிதனுக்கு இடைப்பட்ட துன்பங்கள் பல. அவற்றை எண்ணாக்கும் முயற்சியில் 1931-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரைஹர், மைஸ்டர் என்னும் இருவர், ஆட்டும் மேடையில் மனிதரை நிறுத்தியும் படுக்கவைத்தும், 'உணரவில்லை' என்பது முதல் 'வலிக்கிறது' என்பது வரை படிப்படியாகக் குறித்தனர். 1948-இல் அமெரிக்கர் ஜேன்வே, காரில் செல்வோருக்கு ஏற்ற எல்லைகளை வகுத்தார்.

பின்வந்த ஆராய்ச்சிகள் முக்கியமான ஓர் உண்மையை உறுதி செய்தன. உட்கார்ந்திருக்கும் மனித உடலும் ஒரு வில்லே. மேலும் கீழுமான அசைவு விநாடிக்கு ஐந்து முறை அளவில் வரும்போது, வயிறும் மார்பும் முதுகெலும்பும் அதனோடு சேர்ந்து தாமும் பெரிதாக ஆடத் தொடங்குகின்றன. மெத்தை இருக்கையும் அதற்கு அருகான அளவிலேயே அசைவைப் பெருக்கித் தரக்கூடும். "குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது" என்று நம்மவர் சொல்வது வெறும் மிகையன்று. இதைவிட மிக மெதுவாக, ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் வரும் ஆட்டம் வலியைத் தராது, குமட்டலைத் தரும்.

இவற்றையெல்லாம் தொகுத்து 1974-இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 2631 என்ற எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. மேலும் கீழுமான அசைவில் விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வருவதே உடலை மிகவும் வருத்தும் என்று அது கொண்டது. 1997-இல் திருத்தப்பட்ட அத்தரம், எந்த வேக அசைவு எவ்வளவு துன்பம் தரும் என்று எடையிட்டுக் கணக்கிடும் முறையைச் சீர்செய்தது. அவ்வாறு கணக்கிட்ட முடுக்கம் 0.315-க்குக் குறைவாக இருந்தால் அசௌகரியம் இல்லை. 2-ஐத் தாண்டினால் மிகுந்த அசௌகரியம் என்பது அதன் வழிகாட்டுதல். இங்கே அலகு, விநாடியின் வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர் என்பது.

இத்தரம் யாருக்கு? பெரும்பாலும் சாதாரண உடல்நலம் உடையோருக்கே என்று அதுவே கூறுகிறது. முதுகுவலியோடு ஊருக்குத் திரும்பும் பாட்டியும், நிறைமாதக் கர்ப்பிணியும், அறுவை முடிந்து வீடு செல்லும் நோயாளியும் அந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. அவர்களிடம் கருவியைக் காட்டிப் பயனில்லை, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டே ஆகவேண்டும்.

நாள் முழுவதும் இருக்கையிலேயே வாழ்பவர்கள் லாரி, பஸ், டிராக்டர் ஓட்டுவோர். நீண்ட காலம் குலுக்கலுக்கு உட்படுவோருக்கு இடுப்புவலி மிகுதி என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்ட செய்தி. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம், எட்டு மணி நேர வேலைக்கு 0.5 என்ற அளவு எட்டியதும் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும், 1.15-ஐத் தாண்டவே கூடாது என்றும் விதித்தது. பிரயாணியின் சொகுசாகத் தொடங்கிய கேள்வி தொழிலாளியின் உரிமையாக மாறியது இவ்வாறுதான்.

வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் காரை நம்மில் பலர் அறிவோம். பின்பக்கம் பட்டை வில் கொண்ட அக்காரின் அகன்ற பின்னிருக்கையில் அமைச்சர்களும் அதிகாரிகளும் அமர்ந்தனர். டாக்ஸியாக ஓடியபோது நம்மைப் போன்றோரும் அமர்ந்தோம். அதை ஓட்டியவரின் இடுப்பைப் பற்றி நாம் விசாரித்ததுண்டா?

அடுத்த முறை ஊருக்குப் புறப்படுகையில், வீட்டு முதியோருக்கு இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். குலுக்கல் அங்கே குறைவு. சொந்தக் காரானால் சக்கரத்தின் காற்றைச் சரிபாருங்கள். அளவுக்கு மிஞ்சிய காற்று கல்லின் அடியையெல்லாம் உள்ளே அனுப்பும். ஊர் போய்ச் சேர்ந்ததும், வந்த பிரயாணிகளைக் கேட்பது போலவே ஓட்டிவந்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்களுக்குச் சௌகரியமாக இருந்ததா, ஐயா?"