தலைப்பாகை அணிந்த அயலார்

முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்த நமக்குச் சீக்கியரைத் தெரிந்த வழிகள் இரண்டே. ஒன்று, துறைமுகச் சாலையில் எப்போதாவது வந்து நிற்கும் வடநாட்டுச் சரக்கு லாரியின் ஓட்டுநர். மற்றொன்று, "ஒரு சர்தார்ஜி..." என்று தொடங்கும் நகைச்சுவைத் துணுக்கு. முன்னதைவிடப் பின்னதே நம்மிடையே அதிகம் புழங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குத் திருவிழாவின் கலைநிகழ்ச்சியில் இளைஞர் ஒருவர் துண்டைத் தலையில் சுற்றிப் பஞ்சைத் தாடியாக ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார். அவர் வாய் திறக்குமுன்பே கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம். மனம் புண்பட அங்கே ஒரு சீக்கியரும் இல்லை. எதிரில் இல்லாத மனிதரைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு எளிது என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை.

குருமடத்திலும் நாம் பெரிதாகக் கற்றுவிடவில்லை. பிற சமயங்கள் பற்றிய பாடத்தில் சீக்கியத்துக்கு ஓரிரு பக்கங்களே கிடைத்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட, பிற சமயங்களோடு திருச்சபை கொள்ளும் உறவு பற்றிய அறிக்கையில் இந்து சமயம், புத்தம், இஸ்லாம், யூதம் ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. சீக்கியத்தின் பெயர் அங்கே இல்லை. அதே சங்கம்தான் 1963 டிசம்பரில் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில் திரைப்படத்தையும் நன்மைக்குரிய கருவியாக ஏற்றுக்கொண்டது. பாடநூல் விட்ட இடைவெளியைத் திரை நிரப்பக்கூடுமோ என்று நாம் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம், அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கோபுரங்கள் வீழ்ந்தன. நான்காம் நாள், செப்டம்பர் 15 அன்று, அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் தம் பெட்ரோல் நிலையத்தின் முன் நின்றிருந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் கண்டது அவருடைய தலைப்பாகையையும் தாடியையும் மட்டுமே. அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவியாய் இருந்த வலேரி கௌர் ஒரு கேமராவோடு நாடெங்கும் பயணம் செய்தார். அடிபட்டவர்களையும் இழந்தவர்களையும் பேச வைத்தார். 'டிவைடட் வி ஃபால்' என்ற பெயரில் அந்தப் படம் 2006இல் வெளிவந்தது.

அதில் ஒரு செய்தி நம்மை உலுக்கியது. கணவரை இழந்த பெண்ணிடம், அமெரிக்க மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கப்படுகிறது. குற்றச்சாட்டு வரும் என்று எதிர்பார்க்கிறோம். அவரோ நன்றி சொல்கிறார். தம் கணவருக்கு அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் சீக்கியரல்லர், இருந்தும் தம்மோடு அழுதார்கள் என்பதே அவருடைய காரணம். பின்னர் 2016இல், பல்பீரின் தம்பி ராணா சிங் சோதி சிறையிலிருந்த கொலையாளியோடு தொலைபேசியில் பேசினார். அவன் மன்னிப்புக் கேட்டான், இவர் மன்னித்தார். எழுபது தடவை ஏழு தடவை என்ற நற்செய்திப் பகுதிக்கு நாம் முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றி வருகிறோம். அந்த உரைகளெல்லாம் அன்று நமக்குச் சற்று மெலிந்தே தெரிந்தன.

இவ்வகைப் படங்களில் ஓர் ஆபத்தும் உண்டு. "எங்களை இஸ்லாமியர் என்று தவறாக எண்ணித் தாக்குகிறார்கள், நாங்கள் அவர்களல்லர்" என்பதோடு ஒரு படம் நின்றுவிட்டால், அவர்களைத் தாக்கினால் சரிதானா என்ற கேள்வி எஞ்சி நிற்கும். வலேரி கௌரின் படம் இஸ்லாமியரின் துயரையும் அருகருகே வைத்ததால் இதிலிருந்து தப்பியது. எல்லாப் படங்களும் தப்பிவிடுவதில்லை.

தவறான அடையாளம் என்று காரணம் சொல்லக்கூட இடமில்லாத கொடுமை நம் நாட்டிலேயே நடந்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்த நாள்களில், டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. அங்கே திலக் விகார் பகுதியில் குடியமர்த்தப்பட்ட கைம்பெண்களைப் பற்றி ஹர்பிரீத் கௌர் 2005இல் 'தி விடோ காலனி' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். துணுக்குகளைச் சொல்லிச் சிரித்த நம்மில் எத்தனை பேர் அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்திருக்கிறோம்?

இவை தொலைவில் நடந்தவை. நம் கரைக்கே வந்த ஒரு வழிப்போக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குருநானக் (1469-1539) தென்னாட்டின் வழியே இலங்கை சென்று, திரும்பும்போது இராமேசுவரத்தில் தங்கினார் என்பது சீக்கியரின் மரபு. அவருடன் ரபாப் வாசித்துக்கொண்டு வந்த தோழர் மர்தானா ஓர் இஸ்லாமியர். இராமேசுவரத்தில் இன்றும் குருநானக் தாம் என்ற குருத்வாரா இதன் நினைவாக இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இப்பயணம் நடந்ததென்றால், நம் முன்னோர் 1535-37இல் திருமுழுக்குப் பெறுவதற்குச் சற்றே முன்பு அது நடந்திருக்க வேண்டும்.

இந்தப் பயணங்களின் தடம் பற்றிச் சென்று, சிங்கப்பூரில் வாழும் அமர்தீப் சிங்கும் அவர் துணைவியார் விநிந்தர் கௌரும் 24 பகுதிகள் கொண்ட ஆவணத் தொடர் ஒன்றை எடுத்து 2021-22இல் வெளியிட்டனர். ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக், சவூதி அரேபியா, திபெத், இலங்கை என ஒன்பது நிலப்பகுதிகளில் பல சமயத்தாரின் தலங்களில் படம் பிடித்திருக்கிறார்கள். காண்பதற்குக் கட்டணமில்லை.

வரலாற்று மாணவராக நமக்கு ஒரு தயக்கம் உண்டு. நியூசிலாந்திலிருந்து பஞ்சாபுக்குத் திருப்பணியாளராக வந்து, பின்னர் சீக்கிய வரலாற்றறிஞராகப் பெயர் பெற்ற டபிள்யூ. எச். மெக்லியாட், 1968இல் எழுதிய நூலில் இலங்கைப் பயணத்துக்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தார். குருவின் காலத்துக்குப் பின் எழுதப்பட்ட ஜனம்சாகிக் கதைகளே முதன்மை ஆதாரம் என்பது அவர் வாதம். கேமராவோ, தான் சென்று நிற்கும் இடத்தையெல்லாம் நடந்தே முடிந்த நிகழ்ச்சியின் இடமாக்கிவிடும். எனினும் மயிலையில் புனித தோமாவின் கல்லறையில் மண்டியிடும் நாம், பிறர் மரபை மட்டும் உரைகல்லில் தேய்ப்பது முறையாகாது.

நம் கரையோ நெடுங்காலம் பிறர் கண்ணால் பார்க்கப்பட்ட கரை. 1542இல் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடல் ஐரோப்பாவில் அச்சாகிப் பலர் கைக்குச் சென்றது. திருமுழுக்கு அளித்து அளித்துக் கை ஓய்ந்த செய்தியை அதில் படிக்கிறோம். அன்றைய ஆவணப்படம் என்றே அதைச் சொல்லலாம். புனிதரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் அந்த மடலில் நம் பாட்டன்மார் பேசுவதில்லை. அவர்களைப் பற்றியே பேசப்படுகிறது. கேமரா தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று வலேரி கௌரும் அமர்தீப் சிங்கும் எண்ணியதன் காரணம், இந்தக் கரையில் பிறந்தவருக்கு எளிதில் விளங்கும்.

திருவிழாவில் சிரித்ததற்குக் கழுவாயாக என்று வைத்துக்கொள்ளலாம், அந்தத் தொடரின் ஒரு பகுதியைப் பங்கு மண்டபத்தில் புரொஜக்டர் வைத்துக் காட்டினோம். தமிழில் அது இல்லாததால் நாமே இடையிடையே நிறுத்தி விளக்கினோம். பாதி இளைஞர் ஒன்பது மணிக்குமுன் எழுந்து போய்விட்டனர். ஒருவர் மட்டும், 2024 மக்களவைத் தேர்தலில் தென்தமிழகத் தொகுதிகள் சிலவற்றில் தலைப்பாகையோடு நின்ற தமிழ் வேட்பாளர்கள் இவர்கள்தாமா என்று கேட்டார். ஆம், சீக்கியம் தழுவிய தமிழர்தாம் என்றோம். ஏன் தழுவினார்கள் என்றார். சாதிப் பெயரை உதிர்த்துவிட்டுச் சிங் என்றும் கௌர் என்றும் அழைக்கப்படும் சமத்துவம் அவர்களை ஈர்த்திருக்கலாம் என்றோம். பஞ்சாபிலும் சாதி ஒழிந்துவிடவில்லை என்று சேர்க்க நாக்கு எழுந்தது. கல்லறைத் தோட்டங்களில்கூடச் சுவர் எழுப்பிப் பார்த்த தமிழகத் திருச்சபையினர் நாம். அதைச் சொல்லாமல் விட்டோம்.

கடைசி வரிசையில் முன்னாள் சங்கு குளிப்பாளர் ஒருவர் இருந்தார். 1961இல் நம் கடலில் கடைசியாக முத்துக் குளித்தபோது அவர் கைக்குழந்தை. எல்லாரும் எழுந்த பிறகு அருகே வந்தார்.

"சாமி, அந்தப் பெரியவர் எலங்கையில இருந்து எந்தத் தோணியில வந்தாரு? தோணிக்காரன் நம்மாளாத்தான இருப்பான்?"

எந்த நூலும் அந்தத் தோணிக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் இந்தக் கேள்வியை மெக்லியாடும் கேட்கவில்லை, படம் எடுத்தவர்களும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவரோடும் இளைஞர் ஐந்து பேரோடும் இராமேசுவரம் சென்றோம். பஞ்சுத் தாடி ஒட்டி நடித்தவரும் வந்திருந்தார். குருத்வாராவில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு தரையில் அமர்ந்தோம். அவருக்குத் துணி நழுவிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த சீக்கியப் பெரியவர் எழுந்து வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பின்புறம் முடிச்சிட்டுக் கொடுத்தார். இளைஞர் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் சங்கு குளித்தவர் கடலை நோக்கிச் சிறிது நேரம் நின்றார். "கெழக்க இருந்து கொண்டல் வீசுற நாளாத்தான் இருக்கும் சாமி," என்றார். "கச்சான்ல அங்கெருந்து இங்க பாய் விரிச்சு வர முடியாது."