வீணையில் சுரம் மங்குதல்

மீட்டிய சுரம் நீண்டு ஒலிக்காமல், மரப்பலகையில் தட்டியதுபோல உடனே அடங்கிவிடுவது சுரம் மங்குதல் ஆகும். ‘நாதம் இல்லை’ என்று வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். ஹவாயின் நான்கு தந்தி வாத்தியமான யூகலேலேக்கும் ஏழு தந்தித் தஞ்சாவூர் வீணைக்கும் இந்தக் கோளாறு பொது. கேட்டதும் பலரும் தந்தியைத்தான் மாற்றுகிறார்கள். பழுது பெரும்பாலும் தந்தியில் இருப்பதில்லை, தந்தி போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. வாசிப்புத் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். தாளத்துக்காகப் பக்கவாட்டில் மூன்று. நீண்ட கழுத்தான தண்டியின் மேல் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள். அசையாத 24 மெட்டுகளை வைக்கும் முறை 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பது மரபு. மெட்டுகள் மரத்தில் அறையப்படுவதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து செய்த மெழுகுப் படுகையில் பதிக்கப்படுகின்றன. இந்த வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். வீணையின் பலவீனமும் வசதியும் இந்த மெழுகுதான்.

பழுது எங்கே என்று அறிய முதலில் மூன்று கேள்விகள் போதும். ஒரே தந்தியில் எல்லாச் சுரமும் மங்கினால் தந்தியில் குற்றம். ஒரே மெட்டில் நான்கு தந்தியும் மங்கினால் மெட்டிலோ மெழுகிலோ குற்றம். எல்லா இடத்திலும் மங்கினால், தந்திகளைத் தாங்கும் குதிரையையும் ஒலியைப் பெருக்கும் குடத்தையும் பார்க்க வேண்டும்.

மெட்டுப் பழுதுதான் அதிகம் வருவது. விரல் நகத்தால் மெட்டைத் தட்டினால், மெழுகில் இறுகிப் பிடித்திருக்கும் மெட்டு ‘டிக்’ என்று கெட்டியாக ஒலிக்கும். விட்டுப்போனது சொத்தென்று ஒலிக்கும். அசையும் மெட்டு தந்தியின் அதிர்வைத் தானே வாங்கித் தின்றுவிடுகிறது. கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து வாசிப்பதால், அதிகம் புழங்கும் மெட்டுகளில் பள்ளம் விழுவதும் உண்டு. இன்னொன்று வாசிப்பவரை ஏமாற்றும்: மங்குகிற மெட்டு சரியாகவே இருக்கும், குதிரைப் பக்கமுள்ள அடுத்த மெட்டு மயிரிழை உயர்ந்திருக்கும். தந்தி அதில் உரசிச் செத்துப்போகும்.

மெழுகுக்கு எதிரி வெயில். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். காவிரிக்கரையில் மேளம் கட்டிய வீணை தக்காணத்துக்குப் போனால் சோதனை கடுமை. ஐதராபாத்தில் மே மாதம் வெப்பம் 40 பாகையைத் தொடுவது வழக்கம், காற்றும் வறண்டிருக்கும். பூட்டிய காருக்குள் இன்னும் மோசம். மெழுகு இளக, அழுத்தி வாசிக்கும் மெட்டுகள் ஒரு பக்கமாக அமிழ்கின்றன.   

தந்திப் பழுது எளிது. எஃகுத் தந்தி வியர்வையால் துருப்பிடிக்கும்; மெட்டுகளின் மேல் தேய்ந்து தேய்ந்து அதன் கனம் ஒரே சீராக இராது. அப்போது நாதம் குறைவதோடு சுருதியும் பொய்க்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் ஆயுள் கூடும். கட்டும்போது மடிந்துபோன தந்தி புதிதாக இருந்தாலும் உதவாது.

குதிரையின் மேற்புறம் மெல்லிய வளைவுள்ள உலோகத் தகடு. வீணையின் நாதம் உருவாகும் இடம் அது. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே கணு (அதிராத புள்ளி) விழும் மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது இயற்பியலாளர் தாமஸ் யங் சொன்ன விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை வலுவாகவே கேட்கின்றன என்பதை சி. வி. ராமன் 1921-ல் எழுதினார். தகட்டின் வளைவைத் தந்தி தழுவியும் விலகியும் அதிர்வதே காரணம். ஆகவே தகட்டில் பள்ளம் விழுந்தால், அல்லது அதன் அடிப்பிடிப்பு விட்டால், எந்தச் சுரமும் தப்பாது. தகட்டை வீட்டில் அரத்தால் ராவக் கூடாது. வளைவு ஒருமுறை கெட்டால் கைதேர்ந்த ஆசாரிதான் மீட்க முடியும். தம்புராவில் இதே வேலையைக் குதிரைமேல் செருகும் ஜீவா நூல் செய்கிறது. அது ஓர் இழை நகர்ந்தாலே ரீங்காரம் போய்விடும்.

குடத்தின் மேல்பலகையில் விரிசல் இருந்தாலும், ஒட்டு வீணையில் தண்டியும் குடமும் சேருமிடம் நெகிழ்ந்தாலும் ஒலி மங்கும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு இந்த இரண்டாவது தொல்லை இல்லை. எந்தத் தந்தியில் வாசித்தாலும் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் அடங்கினால், குடத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தோடு மோதுகிறது என்று கொள்ளலாம். சுருதியை அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ பார்ப்பதுதான் அதற்கு உடனடி வழி.

முதலில் சொன்ன யூகலேலேயோடு ஒப்பிட்டால் வீணையின் வசதி புரியும். யூகலேலேயின் மூதாதை மடெய்ரா தீவின் சிறு கிட்டார். 1879-ல் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலூலு போய்ச் சேர்ந்த போர்த்துக்கீசியத் தொழிலாளர்களோடு அது ஹவாய்க்கு வந்தது. யூகலேலேயின் தந்தி நைலான் அல்லது புளோரோகார்பன், துருப்பிடிக்காது. மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. ஒரு மெட்டு உயர்ந்தால் அதைத் தட்டி இறக்கவோ ராவவோ வேண்டும், அதிகம் ராவினால் திரும்பப் பெற முடியாது. வீணையில் அப்படியில்லை. மெழுகைச் சூடாக்கி இளக்கி, மெட்டைக் காதால் கேட்டு நகர்த்தி, மறுபடி இறுக விடலாம். நன்றாகப் புழங்கும் வீணைக்கு ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேளம் கட்டுவது வழக்கம். கட்டிய கையோடு அழுத்தி வாசிக்காமல், மெழுகு முழுக்க இறுகும்வரை வீணையை நிழலில் கிடத்தி வைப்பார்கள்.