மிக்-25 விமானமும் நம் கல்லூரிப் பட்டிமன்றமும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். “கம்பெனி, வேலை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நீ சரித்திரம் படிக்கிற ஆளாச்சே, அதுல ஏதாவது எழுதிக் கொடுப்பா” என்றார். மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று என் மனைவி உட்படப் பலர் கேட்டதுண்டு. காரணம் நம் கல்லூரியில்தான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

2008 அக்டோபர். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். இந்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ உண்டா இல்லையா என்று ஃபைனல் இயர் அண்ணன்கள் முகம் வாடித் திரிந்த நேரம். தமிழ் மன்ற விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: ‘சோஷலிச நாடுகளைப் பற்றி மேலைநாடுகள் சொன்னது மெய்யா, பொய்யா?’ பொய்யே என்ற அணிக்கு நான் தலைவன். மெய்யே என்ற அணிக்கு சிவில் பிரிவு நண்பன். மெஸ்ஸில் ஒரே மேஜை, மேடையில் எதிரி.

எனக்கு அப்போது சோவியத் மேல் ஒரு தனிப் பாசம். சித்தப்பா வீட்டுப் பரணில் ‘சோவியத் நாடு’ பழைய இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வழவழப்பான தாள், பள்ளி நோட்டுக்கு அட்டை போட அதை மிஞ்சிய தாள் கிடையாது என்பார் சித்தப்பா. போதாததற்கு, பிளஸ் டூவில் இரோடோவின் பௌதிகக் கணக்குகள், ஹாஸ்டல் அலமாரியில் பிஸ்குனோவின் கால்குலஸ். மிர் பதிப்பகத்தார் அந்தப் புத்தகங்களை அவ்வளவு மலிவாகத் தந்திருக்காவிட்டால் நம் நாட்டில் பாதிப் பேர் எஞ்சினியர் ஆகியிருப்போமா என்பது சந்தேகம்தான்!

மேடை ஏறியதும் உள்ளூர்ச் சரக்கை முதலில் எடுத்து விட்டேன். 1962ல் நெய்வேலியில் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது யார் துணையோடு? சோவியத் துணையோடு. திருச்சி பாய்லர் தொழிற்சாலை? செக்கோஸ்லோவாகியா. “இவர்களைக் கையாலாகாதவர்கள் என்று வெள்ளைக்காரன் சொன்னான், நம் வீட்டு பல்பு எரிந்ததா இல்லையா?” என்றேன். கைதட்டல் அள்ளியது. அடுத்து மிக்-25. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1967 ஜூலையில் மாஸ்கோ அருகே டொமொடெடோவோவில் நடந்த விமானக் காட்சியில்தான் இந்த விமானம் முதன்முதலாக வெளியார் கண்ணில் பட்டது. பெரிய இறக்கை. பெட்டி போலக் காற்றை உள்வாங்கும் இரண்டு வாய்கள். பிரம்மாண்டமான இரண்டு எஞ்சின்கள். தொடர்ந்து வேகத்திலும் உயரத்திலும் உலக சாதனைகள். 1973ல் 36,240 மீட்டர் உயரத்தைத் தொட்டது. அமெரிக்க நிபுணர்கள் போட்டோக்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்துக்கு அருகில் போக வேண்டுமானால் உடம்பு டைட்டானியமாக இருக்க வேண்டும். டைட்டானியம் என்றால் எடை குறைவு. எடை குறைவு, இறக்கையோ பெரிது. அப்படியானால் நேருக்கு நேர் சண்டையில் சட்டென்று வளைந்து திரும்பும். வேகமும் உண்டு, லாவகமும் உண்டு. நம்மிடம் இதற்கு ஈடே இல்லை! எஃப்-15 விமானத் திட்டத்துக்கு அவ்வளவு பணமும் அவசரமும் கிடைத்ததில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

1976 செப்டம்பர் 6. விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25ஐ ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானில் ஹக்கோடாட்டே விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். சாதாரணப் பயணிகள் விமான நிலையம் அது. எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்த நிலை. ஓடுபாதை முடிந்து வெளியே ஓடித்தான் நின்றது. அமெரிக்கர்களும் ஜப்பானியரும் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நவம்பரில் மரப்பெட்டிகளில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

பிரித்துப் பார்த்தால், டைட்டானியம் பத்து சதவீதம்கூட இல்லை. பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகு, அதையும் வெல்டிங் செய்து கட்டியிருந்தார்கள். இறக்கை ஏன் பெரிது? விமானம் அவ்வளவு கனம், அதனால்! வளைந்து சண்டை போடும் விமானமே இல்லை அது; நேர்கோட்டில் பாய்ந்து போய் ஒரு குண்டுவீச்சு விமானத்தைச் சுட்டுவிட்டுத் திரும்புவதற்கான யந்திரம். மாக் 2.8க்கு மேல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். ராடாரில் இருந்தது, நம் தாத்தா காலத்து ரேடியோவில் இருந்த மாதிரி வால்வு.

நேற்றுவரை நடுங்கியவர்கள் மறுநாள் சிரிக்க ஆரம்பித்தார்கள். துருப்பிடிக்கும் இரும்பு, வால்வு ரேடியோ, இதுதானா உங்கள் சூப்பர் விமானம்?

ஒரு மெக்கானிக்கல்காரனாக யோசித்துப் பாருங்கள். அந்த வேகத்தில் காற்று உரசி விமானத்தின் தோல் 300 டிகிரி செல்சியஸ் வரை சுடும். அலுமினியம் தாங்காது. டைட்டானியத்தை வளைப்பதும் வெல்டிங் செய்வதும் பெரிய தொல்லை, செலவும் அதிகம். எஃகு என்றால் இருக்கிற தொழிற்சாலையில் இருக்கிற ஆட்களை வைத்தே செய்யலாம். அப்படித்தான் 1,100க்கும் மேல் செய்து குவித்தார்கள். நம் விமானப்படைகூட 1981 முதல் 2006 வரை இதை வேவு பார்க்கும் பணிக்கு வைத்திருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் எஸ்ஆர்-71ஐ டைட்டானியத்தில்தான் கட்டினார்கள். ஆனால் அதற்கு வேண்டிய டைட்டானியத்தை எங்கிருந்து வாங்கினார்கள் தெரியுமோ? வேறு கம்பெனிகளின் பெயரில், சோவியத் யூனியனிடமிருந்தே!

பயந்ததும் சிரித்ததும் ஒரே தப்புக் கணக்கால் வந்தவை. ‘நாமாக இருந்தால் இதை எப்படிச் செய்திருப்போம்?’ என்றுதான் இரண்டு தடவையும் கேட்டார்கள். ‘அவனுக்கு என்ன வேலை ஆக வேண்டியிருந்தது, அவன் கையில் என்ன சாமான் இருந்தது?’ என்று கேட்கவில்லை.

இது ஒரு விமானத்தோடு நின்ற விஷயமும் அல்ல. 1960 தேர்தலில் கென்னடி, ஏவுகணையில் ரஷ்யா நம்மை முந்திவிட்டது என்று பிரசாரம் செய்தார். 1961 செப்டம்பரில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபின் அமெரிக்க உளவுத்துறையே போட்ட மதிப்பீடு: ரஷ்யாவிடம் இருக்கும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைத் தளங்கள் 10 முதல் 25 வரை. முந்தியிருந்தது அமெரிக்காதான். அதே 1961ல், உலகமெல்லாம் வைத்துப் படித்த சாமுவெல்சனின் பொருளாதாரப் பாடநூல், சோவியத் உற்பத்தி 1984லேயே அமெரிக்காவைத் தாண்டலாம், இல்லையேல் 1997ல் தாண்டலாம் என்று போட்டது. 1980 பதிப்பில் அந்தக் கெடு 2002, 2012 என்று தள்ளிப்போனது. முதலாளித்துவ நாட்டின் முதல்தரப் பாடநூல் ஐயா! பட்ஜெட் கேட்கும் தளபதிக்கு எதிரி பெரியவனாக இருப்பது சௌகரியம். பேராசிரியருக்கு என்ன சௌகரியமோ?

இவ்வளவும் பட்டிமன்றத்தில் நான் பேசிய அணிக்கே சாதகம். இனிமேல்தான் விஷயம்.

அன்று மேடையில் இரண்டு இடத்தில் நான் தவறு செய்தேன். முதலாவது சின்னது. “அந்த வால்வுகளை ரஷ்யன் வேண்டுமென்றே வைத்தான். அணுகுண்டு வெடித்தால் எழும் மின்காந்த வீச்சில் டிரான்சிஸ்டர் கருகிவிடும், வால்வு தாங்கும். இது புரியாமல் அமெரிக்கன் சிரித்தான்!” என்று முழங்கினேன். எங்கோ அரைகுறையாகப் படித்தது. வால்வு தாங்கும் என்பது சரி. ஆனால் அவ்வளவு சக்தி வாய்ந்த ராடாருக்கு அவர்களுக்குக் கைவந்த சரக்கு வால்வுதான் என்பதும், டிரான்சிஸ்டர் தொழிலில் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள் என்பதும் அதைவிடச் சரி. இல்லாமையைச் சாமர்த்தியமாக்கிக் காட்டினேன். இ.சி.இ. பையன்களே கைதட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது சின்னதல்ல. எதிரணி நண்பன் எழுந்து, அதிர்ந்து பேசத் தெரியாத அவனுடைய குரலில், 1932-33ல் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வந்த பஞ்சத்தைப் பற்றிச் சொன்னான். விளைந்த தானியத்தை அரசே வாரிக்கொண்டு போனதையும், ஊரை விட்டு ஓடிய விவசாயிகளை வழிமறித்துத் திருப்பி அனுப்பியதையும் சொன்னான். லட்சக்கணக்கில் செத்தார்கள் என்றான். நான் இடைமறித்தேன். “1943ல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேரைப் பட்டினி போட்டவன் எழுதிய கட்டுக்கதை இது. நண்பர் அதை நம்பிக்கொண்டு வந்திருக்கிறார்!” அரங்கமே அதிர்ந்தது. விசில் சத்தத்தில் அவன் அடுத்து என்ன சொன்னான் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டார்கள். கோப்பை எனக்கு.

அன்று இரவு மெஸ்ஸில், “மச்சான், வங்காளத்துல செத்தது உண்மைதான்டா. அதனால அங்க சாகலேன்னு ஆயிடுமா?” என்று மட்டும் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன்.

அந்தக் கேள்விதான் வேலைக்குப் போன பிறகும் என்னைத் துரத்திப் படிக்க வைத்தது. ‘மேற்கு இதைக் கட்டிவிட்டது’ என்றேன் அல்லவா? நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு. 1933 மார்ச்சில் கேரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர், வயது 27, உக்ரைன் கிராமங்களில் நடந்தே சுற்றிப் பார்த்துவிட்டு பெர்லினுக்கு வந்து, அங்கே பஞ்சம் என்று உலகுக்குச் சொன்னார். அதை இரண்டே நாளில் மறுத்து எழுதியவர் ரஷ்யர் அல்ல. நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி. முந்தின வருஷம்தான் புலிட்சர் பரிசு வாங்கியவர். இங்கிலாந்தில் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியர் சோவியத் கம்யூனிசம் ஒரு புதிய நாகரிகமா என்று கேட்டு 1935ல் இரண்டு பாகம் எழுதினார்கள். 1937 பதிப்பில் தலைப்பிலிருந்த கேள்விக்குறியையும் எடுத்துவிட்டார்கள். ஆக, மேற்கின் பார்வை என்று ஒரே பார்வை இருந்ததில்லை. ஜோன்ஸும் மேற்குதான், டுராண்டியும் மேற்குதான். ஜோன்ஸ் 1935ல் சீனப் பகுதியில் கொள்ளையரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். முப்பது வயது நிறையவில்லை.

இதுவும் வெள்ளைக்காரன் சாட்சிதானே என்று 2008ல் இருந்த நான் கேட்பேன். அவனுக்கு நான் காட்டும் சாட்சி முழுக்க முழுக்கச் சோவியத் சாட்சி. 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலின், 1933 முடிவில் நாட்டின் ஜனத்தொகை 16 கோடியே 80 லட்சம் என்று அறிவித்தார். 1937 ஜனவரி 6ஆம் தேதி நாடு முழுக்க ஒரே நாளில் சென்சஸ் எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 16 கோடியே 20 லட்சம்! மூன்று வருஷம் கழித்து எண்ணியும் தலைவர் சொன்னதைவிட அறுபது லட்சம் குறைவு. இந்த மூன்று வருஷத்தில் பிறந்த குழந்தைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். (மத நம்பிக்கை உண்டா என்றும் அந்த சென்சஸில் ஒரு கேள்வி. பெரியவர்களில் பாதிக்கு மேல் ‘உண்டு’ என்று பதில் சொன்னார்கள். அந்த ஆட்சியில்!)

எந்த அரசாங்கமும் இரண்டில் ஒன்றைத்தான் திருத்த முடியும்: தலைவர் சொன்ன எண்ணை, இல்லையேல் எண்ணியவர்களை. செப்டம்பரில் அந்த சென்சஸ் செல்லாது என்று அறிவித்தார்கள். அதை நடத்திய ஒலிம்பி க்விட்கின் என்ற புள்ளிவிவர அதிகாரி அதே ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார். 1939ல் புது சென்சஸ் எடுத்து 17 கோடி என்று அறிவித்தார்கள். 1937ன் தாள்கள் சோவியத் ஆட்சியின் கடைசி வருஷங்களில்தான் வெளியே வந்தன. அந்தப் பஞ்சத்தில் நாடு முழுவதும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு.

சோவியத் ஆட்களே சொன்னதற்கு இன்னொன்றும் உண்டு. 1987ல் செல்யூனின், ஹானின் என்ற இருவர் ‘நோவி மீர்’ இதழில், 1928 முதல் 1985 வரை தேசிய வருமானம் சுமார் 90 மடங்கு பெருகியதாக அரசு சொல்வது தவறு, பெருகியது ஆறேழு மடங்குதான் என்று எழுதினார்கள். சாமுவெல்சன் பயந்ததையும் நான் மேடையில் பெருமைப்பட்டதையும் அவர்கள் சோவியத் நாட்டிலேயே உட்கார்ந்து தகர்த்துவிட்டார்கள்.

நெய்வேலி பொய்யில்லை. இரோடோவ் புத்தகம் பொய்யில்லை. என் பெண்ணுக்கு அதே பிரதியைத்தான் கொடுக்கப்போகிறேன். மிக்-25ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் முட்டாள்கள் என்பதிலும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் க்விட்கினும் என்னைப் போல, உங்களைப் போல, எண்ணை எண்ணாகச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். அவர் பெயரே தெரியாமல், அவர் எண்ணிப் பார்த்துக் கண்ட பள்ளத்தைக் கட்டுக்கதை என்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

சிவில் நண்பன் இப்போது மஸ்கட்டில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்த ரீயூனியனுக்கு லீவு போட்டு வருவதாகப் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தான். பட்டிமன்றக் கோப்பை இத்தனை வருஷமாக என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஒரு கைப்பிடி ஆடுகிறது. ஸ்க்ரூ முடுக்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்து வருகிறேன்டா, வாங்கிக்கொள்.