மக்பெத்: வீரன் எண்ட பெயரைக் குடுத்தது யார்?

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், மக்பெத் மேடைக்கு வர முதலே அவனுடைய புகழ் வந்துவிடுகிறது. காயப்பட்ட படைத்தலைவன் ஒருவன் டங்கன் மன்னனிடம் போர்க்களச் செய்தி சொல்கிறான்: கலகக்காரன் மக்டொன்வால்டை மக்பெத் தொப்புளில் இருந்து தாடை வரைக்கும் பிளந்து, தலையைக் கோட்டை மதிலில் வைத்தானாம். மன்னன் பூரித்துப்போகிறான். மன்னனுக்காகக் கொன்றால் அது வீரம். அதே கை பிறகு மன்னனையே கொல்லேக்க அது கொடுங்கோன்மை. கடைசியில் மக்பெத்தின்ர தலையும் வெட்டப்பட்டு மேடைக்கு வருகிறது.

வரலாறு சொல்வது வேற கதை. 1040இல் டங்கன் இறந்தது படுக்கையில் இல்லை, எல்ஜினுக்குக் கிட்ட நடந்த சண்டையில். அதுக்குப் பிறகு மக்பெத் 17 வருசம் ஸ்கொட்லாந்தை ஆண்டான். 1050இல் ரோமுக்கு யாத்திரை போனான். ஆட்சி ஆட்டம் கண்டிருந்தால் நாட்டை விட்டிட்டு அவ்வளவு தூரம் போயிருப்பானா?

பிறகு ஏன் இந்த மாற்றம்? நாடகம் 1606 அளவில் எழுதப்பட்டது. அப்போதைய மன்னர் ஜேம்ஸின் குடும்பம் தங்களை பாங்கோவின் வழிவந்த ஆக்கள் எண்டு நம்பியது. ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் குற்றமற்றவன். பாங்கோ எண்டு ஒருத்தன் இருக்கவே இல்லை எண்டுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இல்லாத ஒருத்தனுக்கு நல்ல பெயர், 17 வருசம் ஆண்டவனுக்குக் கெட்ட பெயர். இனி ஒருத்தரை வீரன் எண்டோ துரோகி எண்டோ வாசிக்கேக்க, அதை எழுதேக்க ஆட்சியில் இருந்தது யார் எண்டும் ஒருக்கா பாருங்கோ.